மறு: 'இன்டராக்டிவ் எக்ஸிபிட்' – ஊடாடுவது யார்?

ஐயா, வணக்கம். பார்வையாளரும் பங்கேற்கும் காட்சிப்பொருளான 'இன்டராக்டிவ் எக்ஸிபிட்'டுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் எழுதியது:

> 'ஊடாடும் கண்காட்சி' என்றே வைத்துக்கொள்ளலாமே, அகராதி ஏறிவிட்ட சொல்தானே.

மென்பொருளுக்கு 'ஊடாடு' இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அருங்காட்சியக வாசலில் அப்படி எழுதிவைத்தால், கண்காட்சியே கூட்டத்துக்குள் புகுந்து திரிவதுபோல் படுகிறது. (ஊடல் கொண்டவர்களுக்கு மட்டுமா என்று வீட்டில் ஒரு கேள்வி வேறு.)

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். நியூயார்க்கில் கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம், ஆண்ட்ரூ கார்னகி வாழ்ந்த மாளிகையில் இருக்கிறது. 2014 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தபோது ஓர் அறையில் தொடுதிரை மேசை போட்டார்கள். அதில் ஒரு வளைவு இழுத்தால் போதும். அதே வளைவு அடுக்கடுக்காகப் பெருகி, சுவர் முழுக்கச் சுவர்த்தாளாக விரியும். அடுத்தவர் வந்து கோடு போட்டால் சுவர் அவருடையது. 2015இல் கையில் ஒரு தடித்த மின்பேனாவும் கொடுத்தார்கள். பிடித்த நாற்காலியின் விவரப் பலகையில் பேனாவின் பின்முனையை வைத்தால் குறித்துக்கொண்டது. குறித்தவற்றை நுழைவுச்சீட்டில் அச்சிட்ட இணைய முகவரியில் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

'தொடுகாட்சி' என்றார் இன்னொரு நண்பர். நல்ல சொல், ஆனால் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் கவிழ்ந்துவிடும். 2013இல் அங்கே திறந்த கூடத்தில், ஒரு சிலையின் நிலையில் பார்வையாளரும் நிற்க வேண்டியிருந்தது. எவ்வளவு ஒத்துவருகிறது என்று கருவி சொன்னது. கை எதிலும் படவில்லை.

என் பரிந்துரை: செய்காட்சி. வினைத்தொகை என்பதால்தான் பிடித்தது. செய்த, செய்கின்ற, செய்யும் காட்சி மூன்றும் அதில் அடக்கம்: முன்னால் வந்தவர் விட்டுப்போன சுவர்த்தாள், இப்போது உங்கள் கோடு, பின்னால் நிற்கும் சிறுமி போடப்போவது.

'செய்வினை' வாடை அடிக்கிறதே என்பீர்கள். செய்முறை, செய்நேர்த்தி, செய்நன்றி எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தானே!

'டிசைன் புராடக்ட்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'வடிவமைப்புப் பொருள்' போதும். அருங்காட்சியகக் கடையில் விற்கும் குவளைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.

இடறுவது ஒன்றுதான்: தனிப்பொருள் செய்காட்சி என்றால், கண்காட்சி முழுவதையும் எப்படிச் சொல்வது? 'செய்காட்சிக் கூடம்' எனக்கே கொஞ்சம் நீளமாகப் படுகிறது. குறுக்கத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.