இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி கால்பந்து மேட்ச் மட்டும் ஏன் டிவியில் வருவதில்லை?

குரோய்டன்வாசி:
படிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு கூத்து. பிரீமியர் லீக் காட்டுகிற இரண்டு சேனலுக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறேன், ஆனால் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் ஒன்றுகூட நேரலையில் வருவதில்லை. நாலு பேர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து தங்கள் முன்னால் உள்ள திரையைப் பார்த்து ஸ்கோர் சொல்கிறார்கள், அவர்கள் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது! சென்னையில் தம்பி அதே ஆட்டத்தை வீட்டில் பார்த்துவிட்டு கோல் விழுந்ததும் வாட்ஸப்பில் வெறுப்பேற்றுகிறான். வேறு ஏதாவது பேக்கேஜ் போட வேண்டுமா?

பழைய ரசிகன்:
எந்த பேக்கேஜ் போட்டாலும் வராது தம்பி, காசை வீணாக்காதீர்கள். சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலை கிடையாது. 1960களில் பர்ன்லி கிளப் தலைவராக இருந்த பாப் லார்ட் கிளப்புகளைப் பேசி இணங்கவைத்தது இது. பெரிய அணி ஆடுவதை டிவியில் காட்டினால் கீழ் டிவிஷன் மைதானங்களுக்கு யார் டிக்கெட் எடுத்து வருவார்கள் என்ற பயம்தான். இப்போது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் விதியிலேயே இருக்கிறது, ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வார இறுதியில் இரண்டரை மணி நேரத்தை இப்படி மூடிவைக்கலாம். வெளிநாட்டு லீகுக்கும் அதே பூட்டுதான். 2018இல் ரொனால்டோ இத்தாலியின் யுவெண்டஸ் அணிக்காக முதல் லீக் ஆட்டம் ஆடியபோது இங்கே 5 மணிக்குத் தொடங்கியதை 5.15க்குத்தான் காட்டினார்கள், அதற்குள் ஒரு கோலே விழுந்துவிட்டது.

ஸ்டாண்டில் ஒருவன்:
அந்தப் பயத்துக்கு இன்றும் அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஜெர்மனியில் சனிக்கிழமை 3.30 ஆட்டங்களை டிவியில் காட்டுகிறார்கள், மைதானமும் நிரம்பித்தான் வழிகிறது. 2020இல் கொரோனா சமயத்தில் ரசிகர்களை உள்ளே விடாதபோது இங்கேயும் தடையைத் தளர்த்தினார்களே.

பழைய ரசிகன்:
ஜெர்மன் லீகான புண்டஸ்லிகாவோடு ஒப்பிடுவது சரியில்லை. இங்கே நாலாவது டிவிஷன் கிளப்புக்கும் வாசல் டிக்கெட்தான் சோறு போடுகிறது. நான் தடைக்கு ஆதரவு.

குரோய்டன்வாசி:
சரி, ஐரோப்பாவில் வேறு நாட்டு டிவி டீகோடர் கார்டு வாங்கி இங்கே போட்டால்?

ஸ்டாண்டில் ஒருவன்:
போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய ஒரு பெண்மணி கிரேக்க டீகோடர் கார்டு வைத்து மேட்ச் போட்டு, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011இல் தீர்ப்பு: வேறு உறுப்பு நாட்டு கார்டை அடியோடு தடைசெய்வது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானது. ஆனால் ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும் லீகின் பாட்டுக்கும் கிராஃபிக்ஸுக்கும் உண்டு, அதனால் பப்பில் போட அனுமதி வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை, அந்தத் தீர்ப்பை நம்பி கார்டு வாங்காதீர்கள்.

பழைய ரசிகன்:
பிரீமியர் லீகை இங்கே நேரலையில் காட்ட 2025 முதல் 2029 வரைக்கான உரிமை 670 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது. சீசனின் 380 ஆட்டங்களில் நீங்கள் பணம் கட்டும் இரண்டில் ஸ்கை சேனல் குறைந்தது 215, டிஎன்டி சேனல் 52 காட்டும், மிச்சம் பெரும்பாலும் இந்த 3 மணி ஆட்டங்கள்தான். வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டி ஆடிய அணிகள் ஞாயிறு 2 மணிக்குத் தள்ளப்படுகின்றன, அவை நேரலையில் வந்துவிடும். சனிக்கிழமைக்கு பிபிசி வானொலி வர்ணனை, இரவில் ஹைலைட்ஸ்.

குரோய்டன்வாசி:
வானொலியா... என் அணி இந்த சனிக்கிழமை 3 மணிக்குத்தான். அதுவரை தம்பியை பிளாக் பண்ணி வைக்கிறேன்.