கான்பராவுக்குக் கேரவனில் குடும்பப் பயணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறையில், காரின் பின்னால் கேரவனை இணைத்துக்கொண்டு, மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா ஆகியோருடன் சிட்னியிலிருந்து கான்பராவுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நகருக்கு வடக்கே ஃபெடரல் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள எக்சிபிஷன் பார்க் முகாம் திடலில் தங்கினால், 2019இல் தொடங்கிய இலகு ரயிலில் ஏறி நகர மையத்தின் அலிங்கா தெருவில் இறங்கிக்கொள்ளலாம் என்பதால், அதையே முதலில் கருதுகிறோம்.

ஆனால் அங்கிருந்து போர் நினைவகத்துக்கும், 1988இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்கும் பேருந்து மாறித்தான் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி; சற்று நடந்தாலே உட்கார இடம் தேடுவார். எனவே கேரவனைத் திடலிலேயே விட்டுவிட்டுக் காரில் சுற்றுவது நல்லதா, கூரையில் சாமான் பெட்டி பொருத்திய கார் நாடாளுமன்றத்தின் நிலத்தடி நிறுத்துமிடத்துக்குள் நுழையுமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருவது குளிர்தான். ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் ஊர் அது. கேரவனுக்கு நீர் கொண்டுவரும் குழாயில் தேங்கும் நீர் விடிவதற்குள் உறைந்துவிடாமலிருக்க, படுக்கப்போகும் முன் வெளிக் குழாயைக் கழற்றி நீரை வடித்துவைத்தால் போதுமா, உள்ளிருக்கும் குழாய்களுக்கும் காப்பு தேவையா? சிறிய மின்சூடேற்றி ஒன்று ஐந்து பேருக்குப் போதுமா?

பிள்ளைகளுக்காகக் குவெஸ்டாகான் அறிவியல் மையத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறோம். எய்ன்ஸ்லி மலையுச்சி வரை கார் செல்லும். அங்கிருந்து போர் நினைவகம், ஏரி, பழைய நாடாளுமன்றம், புதிய நாடாளுமன்றம் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். அம்மா அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை. குளிர்காலத்தில் மூடுபனி வழக்கமாக எத்தனை மணிக்கு விலகும் என்று சொன்னால், அதற்கேற்ப அன்றைய நாளை வகுத்துக்கொள்வோம்.