ஞாயிறு கூட்டுறவு, திங்கள் குழுக்கடன்

முரசுமோட்டைப் பெடியன்:
கம்பஸ் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. கண்டாவளை, தருமபுரம், விசுவமடு என்று மோட்டார் சைக்கிளில் சுற்றி, ஐந்து பெண்களை ஒருவருக்கொருவர் பிணையாக வைத்துக் கடன் கொடுக்க வேண்டும். மாதாமாதம் டார்கெட் உண்டு. அப்பா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். நான் வளர்ந்ததே சங்கக் கடை மூட்டைகளுக்கு நடுவில். வட்டியில் சீவிப்பது பிழை என்று ஞாயிறு வாசிகசாலையில் கதைக்கிறேன். திங்கள் காலை அதையே விற்கப் போகிறேன். விட்டால் தங்கச்சியின் படிப்பு நிற்கும். உங்களில் யாராவது இப்படி இருந்திருக்கிறீர்களா?

பரந்தன் அண்ணை:
நான் லீசிங் விற்றவன், தம்பி. 50,000 கடனுக்கு 18 வீதம் என்றுதானே சொல்கிறீர்? 59,000ஐ 52 கிழமையில் கட்டுகிறார்கள். அரை வருடத்தில் முதல் தொகையில் ஏறக்குறையப் பாதி திரும்பிவிடும், வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும். சரியாகப் பார்த்தால் 33 வீதம் வரும். அதை வாயால் சொல்லித்தான் விற்கிறீரா?

புதுக்குடியிருப்பு அக்கா:
நான் கடன் எடுத்தவள். கோழி வளர்க்க ஒன்று, அதைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது ஒன்று கழிந்தது. மற்ற இரண்டையும் தோட்டை விற்றுக் கட்டினேன். உங்கள் கொள்கையை நீங்களே வைத்திருங்கள் தம்பி. ஏற்கெனவே இரண்டு கடன் புத்தகம் வைத்திருக்கிறவளுக்கு மூன்றாவதைக் கொடுக்காதீர்கள். பொழுதுபட்ட பிறகு வந்து விறாந்தையில் குந்தாதீர்கள்.

வவுனியா வாசகன்:
சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஏதாவது ஆள் எடுக்கிறதா என்று கேட்டுப் பாரும். சம்பளம் குறையும், அது வேறு கதை.

முரசுமோட்டைப் பெடியன்:
அண்ணை, நேற்று தருமபுரத்தில் அந்த 59,000 கணக்கைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள், குழு கலைந்தது. மிச்ச மூன்று பேரும் என்னோடுதான் சண்டை. "எங்களுக்குத் தெரியாத கணக்கே? காலபோக நெல்லுக்கு உரம் வாங்க வேறு ஆர் காசு தரப்போகினம்?" மனேச்சர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கேட்பார்.