விரிக்காத பரசூட்டுக்கு மடிப்புக் கூலி

வாட்ஸ்அப் குழு: ஒட்டுசுட்டான் சொந்தங்கள்

தர்சன் (ரொறன்ரோ), காலை 6:10
குணம் மாமா, வற்றாப்பளைப் பொங்கல் தண்ணீர்ப்பந்தலுக்கு என் பங்கை அடுத்த கிழமை போடுகிறேன். விமானத்தில் இருந்து குதிக்கிறபோது மெயின் விரியாவிட்டால் கைகொடுக்கிற றிசேர்வ் பரசூட்டைத் திரும்ப மடிப்பிக்கக் கொடுத்ததில் கை கொஞ்சம் இறுகிப்போச்சு. பில்லின் படம் கீழே.

சுகந்தி (அம்மா), 6:14
என்னடா இது, 120 டொலரா? நீ அதை ஒருநாளும் விரித்ததே இல்லை என்றுதானே சொன்னாய்?

தர்சன், 6:15
ஓம் அம்மா. விரிக்கவில்லை.

சுகந்தி, 6:15
விரிக்காததை எதற்கு மடிக்கிறது?

குணம் (கிளிநொச்சி), 6:21
இந்தக் காசுக்கு இங்கே 25,000 ரூபாய் வரும் மருமகன். துணி மடிக்க 25,000! வசந்தி மச்சாள், தையலை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்குப் போங்கோ.

வசந்தி (மாங்குளம்), 6:30
நான் ரெடி. தம்பி, முழுக்கக் கழற்றி மடிக்கிறார்களா, மேலால் பார்த்துவிட்டு விடுகிறார்களா?

தர்சன், 6:41
முழுக்கத்தான் மாமி. அம்மா, விரிக்காவிட்டாலும் 180 நாளுக்கு ஒருக்கால் மடிப்பித்தால்தான் குதிக்க விடுவார்கள். போன முறை பக்கத்திலே நின்று பார்த்தேன். முதலில் நானே பையைத் தோளில் மாட்டி றிசேர்வ் கைப்பிடியை இழுக்க வேண்டும். மடித்துத் தருகிறவர், றிக்கர் என்பார்கள், அதைக் கட்டாயம் செய்யச் சொல்லுவார். அவசரத்தில் எவ்வளவு பலம் போட வேணும் என்று கை அறிய வேணுமாம். 22 இறாத்தலுக்கு மேல் இழுவை தேவைப்படக் கூடாது என்பது தரவிதி. பையை மூடி வைத்திருக்கிற ஊசிப் பின் கழன்றதும் உள்ளே அமுக்கி வைத்த ஸ்பிரிங் குடை ஒன்று ‘டப்’ என்று பாய்ந்து வெளியே வரும். அது காற்றைப் பிடித்துத்தான் பெரிய பரசூட்டை இழுத்து எடுக்கும்.

பிறகு துணியைத் தொங்கவிட்டு வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டை, கறை, தையல் எல்லாம் பார்ப்பார். கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஓடவிட்டுப் பார்ப்பார். பையை மூடும் சின்னக் கயிற்று வளையம் தேய்ந்திருந்தால் புதிது போடுவார். மடித்த பிறகு அந்தச் சின்னப் பைக்குள் எல்லாவற்றையும் முழங்காலால் அழுத்தி மூடுகிற நேரம், அவர் முகத்தைப் பார்த்தால் அந்தக் காசு அதிகமென்று சொல்ல மனம் வராது. அரை நாள் போய்விடும்.

நிரோ (பாரிஸ்), 6:48
மச்சான், இங்கே என்னோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரன் ஒருவனும் குதிக்கிறவன்தான். அவன் வருசத்துக்கு ஒருக்கால்தான் மடிப்பிக்கிறான். ஜேர்மனியிலும் 12 மாதம்தான். உங்களுக்கு மட்டும் ஏன் 180 நாள்? காசு பிடுங்குகிறார்கள்.

தர்சன், 6:55
எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் 180 நாள். அமெரிக்காவில் முன்பு 120 நாளாக இருந்து, 2008 கடைசியில்தான் 180 ஆக்கினார்கள். கூட்டச் சொல்லிக் கேட்டதே பரசூட் செய்கிறவர்கள்தான். இந்தக் கால நைலோன் துணி பைக்குள் சும்மா இருந்து கெடுவதைவிட, அடிக்கடி எடுத்து இழுத்து மடிப்பதால்தான் கூடத் தேயுதாம்.

வசந்தி, 7:02
அது உண்மை. கூறைச் சேலையை வருசத்துக்கு ஒருக்கால் எடுத்து மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடித்த இடத்திலேயே சரிகை வெட்டும். மாதாமாதம் எடுத்துப் பார்த்தாலும் அதே கதிதான்.

தர்சன், 7:04
மாமி, பட்டுக்கு வேறு கணக்கு. அமெரிக்க விதியில் பரசூட்டில் பட்டோ வேறு இயற்கை நாரோ கொஞ்சம் இருந்தாலும் 60 நாள்தான். இப்போது ஒருவரும் பட்டில் குதிப்பதில்லை, ஆனால் விதி அப்படியே கிடக்கிறது.

வசந்தி, 7:09
கிடக்கத்தான் வேணும். பட்டென்றால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். எங்களுக்குத் தெரிந்த பரசூட், சண்டைக் காலத்தில் இரவு வெளிச்சத்துக்குப் போட்ட பரா லைற்றோடு விழுந்ததுதான். காலையில் வயலுக்குள் கிடக்கும், பெடியள் ஓடிப்போய் எடுத்து வருவாங்கள். அந்தத் துணியில் தலையணை உறை தைத்தேன். ஊசி வழுக்கிக்கொண்டே போகும், சரியான தொல்லை.

சுகந்தி, 7:11
அந்தக் கதையை இப்போது ஏன் எடுக்கிறீர்கள். தம்பி, நீ வருசத்துக்கு இரண்டு தரம் இந்தக் காசைக் கட்டுகிறாயா?

தர்சன், 7:18
இல்லை அம்மா, அங்கேதான் கணக்குப் பார்க்க வேணும். இங்கே குளிர்காலத்தில் குதிக்க ஏலாது. ஏப்ரல் கடைசியில் மடிப்பித்தால் 180 நாள் ஒக்டோபர் கடைசி மட்டும் இழுக்கும். அதோடு பருவம் முடிந்தது. பிறகு பை சும்மா அலுமாரிக்குள் கிடக்கும், திகதி முடிந்தாலும் குற்றமில்லை. ஒக்டோபரில் மடிப்பிக்கிறவன்தான் வீணாகக் காசு கட்டுகிறவன். நானும் மற்றப் பெடியளும் எல்லோரும் வசந்தத்தில் றிக்கரிடம் போய் நிற்பதால் அவருக்கு அந்த மாதம் நித்திரை இல்லை. கிழமைக் கணக்கில் காத்திருக்க வேணும். புளோரிடாப் பக்கம் வருசம் முழுக்கக் குதிக்கிறவர்களுக்குத்தான் இரண்டு தரம்.

நிரோ, 7:20
அப்படியென்றால் உனக்கும் எங்கள் ஆளுக்கும் செலவு ஒன்றுதான்.

தர்சன், 7:20
கிட்டத்தட்ட. நடுவில் றிசேர்வை விரித்தால் தவிர. விரித்தால் அன்றைக்கே புதுச் செலவு.

துளசி (முல்லைத்தீவு), 7:26
தர்சன் அத்தான், மெயின் பரசூட்டையும் அவர்தான் மடிக்கிறாரா?

தர்சன், 7:29
இல்லை துளசி, மெயினை நானே மடிப்பேன். அடுத்த விமானம் ஏறுகிறதுக்குள் முடிக்க வேணும். அதில் சின்னப் பிழை விட்டாலும் வெட்டிவிட்டு றிசேர்வுக்குப் போகலாம். றிசேர்வுக்குப் பிறகு ஒன்றுமில்லை. அதனால்தான் அதைச் சான்றிதழ் எடுத்த றிக்கர் மட்டும் தொடலாம்.

குணம், 7:35
எனக்கு ஒரு சந்தேகம். கழற்றாமலே கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுக்கிற ஆட்கள் இல்லையோ? கராஜ் வைத்திருக்கிறவன் கேட்கிறேன்.

தர்சன், 7:40
இருக்கிறார்கள். பென்சில் மடிப்பு என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும். அதுக்காகத்தான் நான் பக்கத்தில் நின்று பார்த்தது. மூடின பிறகு பின்னில் சிவப்பு நூல் கட்டி, ஈயச் சீல் ஒன்றை நசுக்கிவிடுவார். அதில் அவருடைய குறி இருக்கும். திகதியும் கையெழுத்தும் ஒரு சின்னக் கார்டில். குதிக்கும் இடத்தில் பெயர் பதியும்போது அந்தக் கார்டைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு நாள் பிந்தினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

வசந்தி, 7:44
பின்னை நூலால் கட்டினால் அவசரத்துக்குக் கழலாதே தம்பி?

தர்சன், 7:46
நல்ல கேள்வி மாமி. அது வேண்டுமென்றே பலமில்லாத பருத்தி நூல். 5 இறாத்தல் கூடத் தாங்காது, இழுத்த உடனே அறுந்துவிடும். துணி தைக்கிற நூல்தான் நைலோன். இன்னொன்று சொல்ல மறந்தேன். மூடும்போது இடைக்குத் தற்காலிகமாக ஒரு பின் குத்துவார்கள். அதை உள்ளே விட்டுவிட்டால் பை திறக்காது. அதனால் அதன் வாலில் நீளமான சிவப்புப் பட்டி தொங்கும். அவர் வேலை தொடங்க முன்னும் முடித்த பின்னும் கருவிகளை மேசையில் வரிசையாக வைத்து எண்ணுவார். ஒன்று குறைந்தால் முழுப் பையையும் திரும்பத் திறப்பார்.

குணம், 7:50
அந்தப் பழக்கம் எங்கள் கராஜில் வேலை செய்கிற பெடியனுக்கும் வர வேணும். எஞ்சினுக்குள் ஸ்பனர் கிடக்கும்.

சுகந்தி, 7:53
எல்லாம் சரி. உனக்கு மேலே மயக்கம் வந்து கைப்பிடியை இழுக்க ஏலாவிட்டால்?

தர்சன், 7:58
அதுக்கும் ஒரு மெஷின் உள்ளே இருக்கிறது அம்மா, சைப்ரஸ் என்று. ஜேர்மன்காரர் செய்கிறது, 1991இல் வந்தது. சுமார் 750 அடி உயரத்துக்கு வந்த பிறகும் மணிக்கு 125 கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் அது தானாகவே அந்தக் கயிற்று வளையத்தை வெட்டிவிடும். பரசூட் விரித்தவன் அந்த வேகத்தில் வரமாட்டான். றிக்கர் மடிக்கும்போது அதையும் சோதிப்பார். அதன் விலையை இந்தக் குழுவில் போடமாட்டேன்.

சுகந்தி, 7:59
போடாதே. ஆனால் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லு. காசு போனால் போகுது. தண்ணீர்ப்பந்தல் பங்கை நான் இப்போதைக்குப் போட்டுவிடுகிறேன்.

நிரோ, 8:05
பார்த்தீர்களா, மகன் என்றதும் பேச்சு மாறிவிட்டது.

தர்சன், 8:09
இன்னொரு வழக்கம் மாமா. றிசேர்வ் ஒருநாள் உயிர் காப்பாற்றினால், அதை மடித்த றிக்கருக்கு ஒரு போத்தல் வாங்கிக் கொடுப்பார்கள்.

குணம், 8:10
அப்படிச் சொல்லு! பனஞ்சாராயம் ஒரு போத்தல் கொழும்பாலே வருகிற ஆட்களிடம் கொடுத்து விடட்டுமா?

சுகந்தி, 8:11
குணம், குழுவில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

துளசி, 8:12
நான் பார்க்கவில்லை மாமி.