வெள்ளிக்கிழமைதோறும் சம்பளத்தில் 300 டாலரை முதலாளி திருப்பி வாங்குகிறார்: 482 விசாவில் இருப்பவன் என்ன செய்வது?

கேள்வி: நாமக்கல்_டீசல்

வணக்கம். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவன் நான். இப்போது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் டூவூம்பா பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் 482 விசாவில் (முதலாளி ஒருவர் ஸ்பான்சராகப் பொறுப்பேற்று வரவழைக்கும் வேலை விசா) டீசல் மெக்கானிக்காக இருக்கிறேன். மனைவியும் நான்கு வயது மகளும் கூடவே இருக்கிறார்கள்.

நாமினேஷனில், அதாவது இந்த வேலைக்கு என்னை எடுப்பதாக முதலாளி அரசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், எழுதிய சம்பளம் ஆண்டுக்கு 78,000 டாலர். சம்பளச் சீட்டில் வாரம் 1,500 என்று சரியாகவே இருக்கிறது. வரி போக மீதி வங்கிக்கும் வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஷட்டரை இறக்குவதற்கு முன் 300 டாலரை ரொக்கமாக உறையில் போட்டு முதலாளியிடம் கொடுத்தாக வேண்டும். என்னை வரவழைத்த செலவு இன்னும் தீரவில்லை என்கிறார். மொத்தம் எவ்வளவு, இதுவரை கழிந்தது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் காட்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்குள் "உறை எங்கே?" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமை வேலைக்குச் சீட்டில் கணக்கே கிடையாது. கியர்பாக்ஸ் இறக்கும் வேலை வந்தால் சனிக்கிழமை முழுதும் அதற்கே போய்விடும்.

எதிர்த்துக் கேட்டால் ஒரே பதில்தான்: "ஒரு போன் போட்டால் உன் விசா போய்விடும்." மகளை இங்கே பள்ளியில் சேர்க்க எழுதி வைத்திருக்கிறோம். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.

டால்பி பக்கம் விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் ஒருவர் என்னை எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார். என் கேள்விகள் இவை. இப்போதைய முதலாளி நினைத்தால் விசாவை ரத்து செய்ய முடியுமா? மாறிப் போனால் நிரந்தர வசிப்புரிமைக்கான (பிஆர்) இரண்டு ஆண்டு வேலைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? புகார் கொடுத்தால் எனக்கே ஆபத்து வருமா?

பதில்: பிரிஸ்பேன்_வாசி

வருத்தமாக இருக்கிறது நண்பரே. ஆனாலும் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். பிஆர் கையில் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுங்கள். பகைத்துக்கொண்டால் அவரே நாமினேஷனை இழுத்தடிப்பார். எங்கள் பக்கம் பலரும் இப்படித்தான் கடந்து வந்தார்கள்.

பதில்: கல்கூர்லி_ஃபிட்டர்

தம்பி, மேலே சொன்னவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த யோசனையை நான் முழுதாக மறுக்கிறேன். இன்று உறை வாங்குகிறவர் நாளை பிஆர் நாமினேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது இன்னும் பெரிய தொகை கேட்பார். நான் 482-க்கு முன்பு இருந்த 457 விசாவில் வந்தவன். அந்தக் காலத்தில் என்னோடு தங்கியிருந்த வெல்டர் ஒருவர் இப்படிப் பொறுத்துப் பொறுத்தே கடைசியில் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விசாவைக் கொடுத்தது உள்துறை அமைச்சகம். ரத்து செய்வதும் அவர்கள் மட்டுமே. நீங்கள் வேலையை விட்டால் 28 நாளுக்குள் அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. அவரால் செய்ய முடிவது அவ்வளவுதான். அதன்பிறகும் உங்களுக்குக் காலம் இருக்கிறது. முன்பு 60 நாள்தான் கொடுத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் ஒரே தடவையில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள் வரை ஸ்பான்சர் இல்லாமல் இருக்கலாம். அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை செய்து சம்பாதிக்கவும் அனுமதி உண்டு.

விசா நிலையைக் காட்டி ஒருவரைப் பணிய வைப்பதும் அதே தேதியிலிருந்து குற்றம். அந்த "ஒரு போன்" மிரட்டல் அவருக்கே எதிரான சாட்சி.

இனி அந்தச் "செலவு". ஸ்பான்சராகப் பதிவுசெய்ய 420 டாலர், நாமினேஷனுக்கு 330 டாலர். அதோடு திறன்பயிற்சி நிதிக்கான வரி. சிறிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,200 என்றால் நான்கு ஆண்டுக்கு 4,800. எல்லாம் சேர்த்து 5,550 டாலர். வாரம் 300 என்றால் பத்தொன்பது வாரத்தில் அடைந்துவிடும். அதையும் உங்களிடம் வாங்க அவருக்கு உரிமை இல்லை. இந்தச் செலவுகளைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பது ஸ்பான்சருக்கான விதி. வரவழைக்க ஏஜென்டுக்குக் கொடுத்ததும் அவர் செலவுதான். உங்கள் விசா விண்ணப்பக் கட்டணத்தை நீங்கள் கட்டியிருந்தால் அது வேறு கணக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து குற்றம். அப்படிப் பணம் கொடுத்தவர்மேலும் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கும் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு சமூகச் சட்ட உதவி மையத்தில் பேசுங்கள் என்று சொல்வது அதனால்தான். அங்கே ஆலோசனை இலவசம். சுரண்டப்பட்டவர் புகார் கொடுத்தால் அவர் விசாவை ரத்து செய்யாமல் காக்கும் ஏற்பாடு 2024-இல் வந்தது. அதை உங்கள் பக்கம் எப்படித் திருப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். இதை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கூலிப் பாக்கிக்கு ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. எண் 13 13 94. தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்புச் சேவையின் 13 14 50-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆறு ஆண்டுவரை பின்னோக்கிப் பாக்கியைக் கேட்கலாம். வேண்டுமென்றே கூலியைப் பிடித்துவைப்பது 2025 ஜனவரி 1 முதல் தண்டனைக்குரிய குற்றம்.

இந்தச் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. ஸ்பான்சர் விசாவில் வருகிறவருக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை 2013 முதல் 2023 வரை 53,900 டாலரிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து ஆண்டில் வாடகை எவ்வளவு ஏறியது என்று இங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். எத்தனையோ சமையல்காரர்களும் மெக்கானிக்குகளும் வாய் திறந்த பிறகே அது 70,000 ஆனது. அதன் பின் ஆண்டுதோறும் ஏற்றுகிறார்கள். அந்த உரிமையை நீங்கள் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டுக் கணக்குக்கும் கவலை வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சரிடம் வேலை செய்த காலம் அடுத்தவரிடம் போனாலும் சேரும்.

பதில்: பரமட்டா_கணக்காளர்

வரி விஷயம் ஒன்று. 1,500 வாங்கியதாகக் காட்டி அதற்கு வரி கட்டுகிறீர்கள். திருப்பிக் கொடுக்கும் 300-க்கும் சேர்த்து. இன்றே மைகவ் என்ற அரசு இணையக் கணக்கில் நுழைந்து, முதலாளி உங்களுக்காகக் கட்ட வேண்டிய சூப்பர் என்ற ஓய்வூதியப் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதம். உங்கள் சம்பளத்துக்கு வாரம் 180 டாலர் சேர்ந்திருக்க வேண்டும். உறை வாங்குகிறவர்கள் பலர் அதிலும் கை வைப்பார்கள்.

ரொக்கத்துக்குச் சாட்சி இல்லையே என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஏடிஎம்மில் ஒரே 300 எடுத்ததை வங்கி அறிக்கை காட்டும். "உறை எங்கே?" என்ற செய்தியையும் அதன் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் புரியும். அந்தச் செய்தியைத் தேதியும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, ஒர்க்‌ஷாப் கணினியில் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். சனிக்கிழமை நேரங்களை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள், எந்த வண்டியில் என்ன வேலை என்பதோடு.

நாமக்கல்_டீசல்

அண்ணா, கணக்காளர் ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. சூப்பர் கணக்கைப் பார்த்தேன். இரண்டு காலாண்டுக்கு ஒன்றுமே வரவில்லை. மனைவி வங்கி அறிக்கைகளை அச்செடுத்துக்கொண்டிருக்கிறாள். டால்பிக்காரர் இன்னும் ஸ்பான்சராகப் பதிவு செய்யவில்லையாம். நான் இங்கே இப்போதே ராஜினாமா கொடுத்துவிடலாமா?

பதில்: கல்கூர்லி_ஃபிட்டர்

கொடுக்காதீர்கள். டால்பிக்காரர் ஸ்பான்சராகப் பதிவாகட்டும், உங்கள் பெயரில் நாமினேஷன் போடட்டும், அது அனுமதி ஆகட்டும். பிறகு கடிதம் கொடுங்கள். அதே தொழில், விசாவிலும் காலம் மீதி இருக்கிறது என்றால் புது விசாவே தேவையில்லை. நாமினேஷன் மாறினால் போதும். நடுவில் இப்போதைய முதலாளி உங்களை நிறுத்திவிட்டால் 180 நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை உறையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்பதைச் சட்ட மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே அழையுங்கள் தம்பி. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.