பழைய காரில் ஹெட்லைட் மங்கல்: புது பல்பு போட்டும் வெளிச்சம் வரவில்லை

கேள்வி

20 வருடம் தாண்டிய பெட்ரோல் கார். எச்4 ஹாலஜன் (ஹை, லோ இரண்டும் ஒரே பல்பில்), 60/55 வாட். இரண்டு பக்கமும் புது பல்பு போட்டாச்சு, ஆனாலும் லோ பீம் மஞ்சளடித்துத்தான் எரிகிறது. லென்ஸ் கண்ணாடிதான், தெளிவாக இருக்கிறது. ரிஃப்ளெக்டரும் பளபளப்பு குறையவில்லை. ஹோல்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் வயரிங் சரிதானே? 100/90 வாட் பல்பு போட்டுவிடலாமா?

பதில் 1

கழற்றி அளந்தது கணக்கில் சேராதுங்க. பல்பு இல்லாதபோது கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் இறங்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயர்கூட அப்போது முழு 12.5 காட்டும்.

ஹோல்டர் பல்பில் மாட்டியபடியே இருக்கட்டும். பின்னால் வயர் நுழையும் இடைவெளியில் மெல்லிய ஊசியை விட்டு, லைட்டைப் போட்டு, இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து அளங்க. முதலில் பேட்டரியின் இரண்டு முனை. அடுத்து, ஒரு முள் பேட்டரி பிளஸில், மற்றது பல்பின் லோ பீம் பின்னில்: இது 0.5 வோல்ட்டுக்குள் இருக்கணும். கடைசியாகப் பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 0.2-க்குள்.

100/90 இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கரண்ட் கூடக்கூட அதே வயரில் இழப்பும் கூடும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் காண்டாக்ட் கருகும். பல இடங்களில் சட்டப்படியும் அனுமதி இல்லை.

கேட்டவர்

பேட்டரியில் 13.9. பிளஸ் பக்கம் 1.9, எர்த் பக்கம் 0.6.

பதில் 1

அப்போ பல்புக்குப் போய்ச் சேர்வது 11.4 வோல்ட்தான். ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். உங்கள் 11.4-இல், பல்பை மதிப்பிடும் 13.2 வோல்ட்டில் வரவேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கிடைக்கும். மஞ்சள் நிறத்துக்கும் அதே காரணம்: பல்புக்குள் எரியும் இழை போதுமான அளவு சூடேறவில்லை.

செலவில்லாத எர்த்தை முதலில் முடிங்க. லைட்டின் எர்த் வயர் பாடியில் போல்ட் ஆகும் இடத்தைக் கழற்றிப் பாருங்க. பெயிண்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்க. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் கேபிளின் முனையையும் அதே மாதிரி சுத்தம் செய்யணும்.

பதில் 2

பிளஸ் பக்கத்து 1.9-க்கு ரிலேதான் வழி, அதாவது சிறு கரண்ட்டில் உள்ளே ஒரு காந்தச் சுருள் இயங்கி, பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் சுவிட்ச். இரண்டு பல்பின் கரண்ட்டும், சுமார் 8 ஆம்பியர், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் சுற்றி வருகிறது. ரிலே போட்டால் அந்த சுவிட்ச் சுருளை மட்டும் இயக்கும், அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது.

லோ-வுக்கு ஒன்று, ஹை-க்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே இரண்டு. பேட்டரி பிளஸிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், ஒவ்வொரு ரிலேவுக்கும் தனி 15 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு ரிலேயின் 30-ஆம் பின் (இந்த எண்கள் ரிலேயிலேயே எழுதியிருக்கும்). ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும்; அதற்கு முந்தைய வயர் பாடியில் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. 87-இலிருந்து இரண்டு பல்புக்கும் புது வயர். 87ஏ இருந்தால் அதைத் தொடாதீங்க. 86-க்குப் பழைய ஹோல்டரின் பீம் வயர், 85 எர்த்துக்கு. பழைய ஹோல்டர் ஒன்று போதும், மற்றதை டேப் சுற்றிக் கட்டிவிடுங்க. புது ஹோல்டர் செராமிக்காக இருக்கட்டும். பல்பின் எர்த்துக்கும் அதே 2.5 வயர்தான்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: சில பழைய வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். பல்பைக் கழற்றி, லைட் சுவிட்சைப் போட்டு, லோ, ஹை இரண்டு நிலையிலும் ஹோல்டரின் ஒரே பின்னில் மாறாமல் 12 வோல்ட் வந்தால் அந்த வகை. அப்போது 85-ஐ எர்த்தில் கொடுக்கக்கூடாது. சுருளை அந்தப் பொதுப் பின்னுக்கும் பீம் பின்னுக்கும் நடுவே மாட்டணும். மற்ற வயரிங் மேலே சொன்னபடியேதான்.

கேட்டவர்

சாதா வகைதான். எல்லாம் மாட்டியாச்சு. பிளஸ் 0.3, எர்த் 0.1, பல்பில் 13.5. சாலை வெள்ளையாகத் தெரிகிறது! ஆனால் எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துக் காட்டுகிறார்கள்.

பதில் 2

சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, டயர் காற்று சரியாக இருக்கணும். பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ. கீழே விழும்படி திருகைத் திருப்புங்க. விளிம்பே கலங்கலாகத் தெரிந்தால் திருகைத் தொடாதீங்க: புது ஹோல்டர் மாட்டும்போது பல்பு நகர்ந்திருக்கும். அதன் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, ஸ்பிரிங் கம்பி பூட்டியிருக்கிறதா பாருங்க.