புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால், 12 கிழமைக்குப் பிறகு

மாசி மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 67 வயது அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு, "தேய்ஞ்ச காலை ஆட்டினா இன்னும் தேயாதா?" என்று பயப்படுறா, பிசியோவிடம் (உடற்பயிற்சி தந்து பார்க்கிற இயன்மருத்துவர்) கூட்டிப்போகலாமா என்று. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

பிசியோ சொன்ன பயிற்சியைத் தொடங்கின முதல் இரண்டு கிழமை நோ கூடினது உண்மை. விட்டுடுவமோ என்றிருந்தது. தொடக்கத்தில் அப்படி வரலாம், தொடர்ந்து செய்தால் மூட்டுக்கு நல்லதுதான் என்று பிசியோ முன்னமே சொல்லியிருந்தா. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடுற நைஸ் (NICE) அமைப்பின் 2022 வழிகாட்டலும் அதையே சொல்லுது. அடுத்த நாள் காலையிலும் நோ தணியாவிட்டால் மட்டும் எண்ணிக்கையைக் குறைச்சம்.

துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைச்சு, அதை அமத்தி 5 செக்கன் பிடிக்கிறது ஒன்று. மற்றது, கை ஊன்றாமல் கதிரையால எழும்பி இருக்கிறது. முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி 4 தரம். இப்ப வெறும் கதிரையில் 10 தரம். தொடையின் முன்தசை பலப்பட்டால் மூட்டுக்கு அது தாங்கல்.

தேய்வு போகேல்லை, இதால போகவும் மாட்டுது. ஆனால் வெள்ளவத்தையில் எங்கட வீடு மூன்றாம் மாடி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைச்சு ஏறினவ, போன வெள்ளிக்கிழமை கோயிலால வந்து கால் மாத்தி மாத்தி ஏறினா. மரக்கறிப் பையையும் என்னட்டத் தரேல்லை. எனக்குக் கண் கலங்கிட்டுது.

முழங்காலுக்குப் போடுற ஊசி பற்றிக் கேட்டவைக்கு: அம்மாவுக்குப் போடேல்லை. பயிற்சியை நிப்பாட்டினால் பலனும் குறையுமாம், அதால இரவுச் செய்தி நேரத்தில் தொடர்ந்து செய்யிறா. நானும் பக்கத்தில் கதிரை போட்டுச் செய்யிறன்.